நியாய மைல்

மேல் மிசிசிப்பி கூட்டமைப்பில் பத்தொன்பது கல்லூரிகள் இருந்தன. அவற்றில் மிசிசிப்பி ஆற்றைக் கண்ணால் பார்த்தவை நான்கு. மற்றவற்றில் ஒன்று ஒரிகான் கடற்கரையில் இருந்தது, ஒன்று நியூஜெர்சியில், இரண்டு ஃப்ளோரிடாவில், இன்னொன்று அரிசோனாவில், மழை பெய்தால் பேப்பரில் போடுகிற ஊரில். ஓர் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு எப்படி இவ்வளவு தூரம் கை கால் நீட்டிக்கொண்டது என்று கேட்டால், டி.வி.க்காரர்கள் கேட்டார்கள், கல்லூரித் தலைவர்கள் தலையாட்டினார்கள், அவ்வளவுதான் கதை. தலையாட்டியவர்களில் ஒருவரும் லாரி ஓட்டுகிறவர் இல்லை.

லாரி ஓட்டியவர் லோவல் ஸ்வெண்ட்சன். அயோவாவில் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிற வாப்சி பல்கலைக்கழகத்துக் கால்பந்து அணியின் சாமான் லாரியை இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறார். ஹெல்மெட், தோள்கவசம், ஷூ, குளிருக்கு ஹீட்டர், காயத்துக்குக் கட்டு, கோச் உட்கார மாட்டேன் என்று சொல்லிச் சொல்லி உட்காருகிற ஒரு மடக்கு நாற்காலி, எல்லாம் அதில்தான் போகும். ஆட்டக்காரப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை விமானத்தில் ஏறினால் போதும். லாரி அதற்குள் போய் நின்றிருக்க வேண்டும். ஒரிகானுக்கு என்றால் செவ்வாய்க்கிழமையே கிளம்ப வேண்டும். ஆட்டம் முடிந்து அவர் வீடு வந்து சேரும்போது அடுத்த செவ்வாய் வந்துவிடும்.

இந்த அலைச்சலில் அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை. அன்றைக்கு எதிர்க்கரையில், இல்லினாய்ஸ் பக்கம் இருக்கிற ராக் பிளஃப் கல்லூரியோடு ஆட்டம். நூற்றி நாலு வருஷப் பகை. நடுவில் ஒரு பாலம். ஸ்டேடியத்திலிருந்து ஸ்டேடியத்துக்குப் பதினோரு மைல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் கையில் இருக்கிற காபி ஆறுவதற்குள் போய்விடலாம்.

அதை நம்பித்தான் அவர் மார்ச் மாதத்திலேயே ஆஸ்பத்திரியில் தேதி வாங்கியிருந்தார். மனைவி மார்லீஸுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் மூன்று வருஷமாகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகம் கேட்டுக் காத்திருப்பவர்களின் பட்டியலில் பெயர் சேர்க்க, அயோவா சிட்டியில் இரண்டு நாள் பரிசோதனை உண்டு. கூட இருந்து கவனித்துக்கொள்ளப் போகிறவர் இரண்டு நாளும் நேரில் வந்து உட்கார்ந்தாக வேண்டும். அவரையும் கேள்வி கேட்பார்கள்.

"போன்ல பேசினா போதாதுங்களா?" என்று லோவல் கேட்டுப் பார்த்தார்.

"போன்லயா சார் அவங்களைக் கவனிச்சுக்கப் போறீங்க?" என்றாள் நர்ஸ்.

நியாயமான கேள்வி. நவம்பர் மூன்றாவது வாரம், வியாழன், வெள்ளி என்று குறித்துக் கொடுத்தார்கள். தவறினால் அடுத்த இடம் ஜூனில். ஏழு மாசம் தாங்குமா என்று லோவல் கேட்கவில்லை, நர்ஸும் சொல்லவில்லை. மார்லீஸ் அந்தத் தேதியைச் சமையலறைக் காலண்டரில் பச்சை மையால் வட்டம் போட்டாள்.

அந்தக் கோடையில்தான் நியாயம் வந்து சேர்ந்தது.

ஒரிகான்காரர்கள் ஒரு புகார் கொடுத்திருந்தார்கள். ஒரு பருவத்துக்குப் பதினேழாயிரம் மைல் போகிறோம், பிள்ளைகள் வகுப்பில் தூங்கி விழுகிறார்கள், வாப்சி போன்ற நடுநாட்டுக் கல்லூரிகளோ ஒன்பதாயிரத்தோடு தப்பித்துக்கொள்கிறார்கள் என்று. உண்மைதான். யார் இல்லை என்றது? கூட்டமைப்பு உடனே சமபயண நீதி ஆணையம் என்று ஒன்றை அமைத்து, பிரெஸ்காட் விட்டிங்டன் என்பவரை ஆணையராகப் போட்டது. ஆணையம் எட்டு மாதம் ஆராய்ந்து, ஒரிகானுக்கு நடப்பது அநியாயம் என்று கண்டுபிடித்தது. ஒரிகான்காரர்கள் கண் கலங்கினார்களாம்.

அப்புறம்தான் விட்டிங்டன் பேசினார். எல்லாக் கல்லூரி ஊழியர்களும் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டு ஒளிபரப்பினார்கள்.

"நண்பர்களே, அதிகம் அலையறவங்க அலைச்சலைக் குறைக்கணும்னு சில பேர் அப்பாவித்தனமா சொல்றாங்க. அது நடக்காது. அட்டவணை டி.வி.க்குச் சொந்தம். ஆனா ஒண்ணு நம்ம கையில இருக்கு. குறைவா அலையறவங்களை அதிகமா அலைய வைக்கலாம். அதை நம்மகிட்டருந்து யாரும் பறிக்க முடியாது."

எல்லோரும் கைதட்டினார்கள். லோவல் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவரும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார். சரி, நமக்குத்தான் புரியவில்லை போலிருக்கிறது என்று லோவலும் இரண்டு தட்டுத் தட்டிவைத்தார்.

ஒரு பருவத்துக்கு ஒரு கல்லூரி பதினாலாயிரம் மைல் போக வேண்டும். அதற்குப் பெயர் நியாய மைல். வாப்சிக்கு ஐயாயிரம் குறைந்தது. 'பயணக் குறைபாடுள்ள கல்லூரி' என்று கடிதமே வந்துவிட்டது. வாப்சியின் விளையாட்டுத் துறைத் தலைவர் புரூக்ஸ் ஹெல்மன் அந்தக் கடிதத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு லோவலைக் கூப்பிட்டார்.

"லோவல், நம்ம மேல கறை படிஞ்சு போச்சு."

"என்ன சார் தப்புப் பண்ணினோம்?"

"பக்கத்துல இருக்கோம்."

"எதுக்கு சார் பக்கத்துல?"

"எல்லாத்துக்கும்."

லாரியில் ஒரு மைல் பெட்டி வைத்தார்கள். சாப்பாட்டு டப்பா அளவு, முத்திரை போட்டது, ஓடினால் பச்சை விளக்கு, நின்றால் சிவப்பு. எங்கே போகிறது, எத்தனை நிமிஷம் நிற்கிறது எல்லாம் ஆணையத்துக்குப் போய்விடும். முதல் ஆட்டம் எண்பது மைலில். லோவலுக்கு வந்த வழித்தட உத்தரவு நெப்ராஸ்கா வழியாக இருந்தது. எதிர்த் திசையில் முன்னூற்று இருபது மைல் போய், ஒரு பெட்ரோல் பங்கில் திரும்பி, வந்த வழியே வந்து, மேலும் எண்பது.

அதையாவது பயணம் என்று சொல்லலாம். சொந்த ஊரில் நடக்கிற ஆட்டம்தான் பெரிய கூத்து. சாமான் கிடங்கிலிருந்து ஸ்டேடியத்துக்கு ஒரு தெருதான். இது 'அசையாமைச் சலுகை' என்று ஆணையம் கண்டித்தது. ஆகவே ஒரிகான்காரர்கள் வாப்சிக்கு விளையாட வந்த வாரம், லோவல் சாமானை ஏற்றிக்கொண்டு மிசௌரிவரை போய் வந்தார். ஆட்டக்காரர்களையும் விடவில்லை. விமானத்தில் ஏற்றி மூன்று மணி நேரம் சொந்த ஊருக்கு மேலேயே சுற்றவிட்டு, ஏறின இடத்திலேயே இறக்கினார்கள். கையில் ஆளுக்கு ஒரு உப்பு பிஸ்கட் பாக்கெட். சன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பையன் தன் விடுதி அறையை ஐந்து முறை பார்த்தானாம், ஐந்தாவது முறை அழுதுவிட்டான். மறுநாள் இரண்டு அணிகளும் கால் இழுபட விளையாடின. ஆறுக்கு மூன்று என்று முடிந்தது. யார் ஆறு என்று ஜெயித்தவர்களுக்கே சந்தேகம். கூட்டமைப்பு வரலாற்றிலேயே மிகவும் நியாயமான ஆட்டம் இதுதான் என்று விட்டிங்டன் அறிக்கை விட்டார்.

லோவல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார். எப்படியும் நவம்பர் வருகிறது, பாலத்தைத் தாண்டினால் ராக் பிளஃப், அந்த வாரம் நமக்கு என்று நினைத்துக்கொண்டே ஓட்டினார். அக்டோபர் கடைசியில் உத்தரவு வந்தது. 'பதினோரு மைல் இடைவெளியில் இரு கல்லூரிகள் ஆடுவது மற்ற பதினேழு கல்லூரிகளின் முகத்தில் அறைவதாகும். ஆட்டம் நியூ மெக்சிகோவில் உள்ள ஆல்புகர்க்கிக்கு மாற்றப்படுகிறது. இரு அணிகளும் தலா ஆயிரத்து நூற்றைம்பது மைல் பயணிக்கும்.'

புதன்கிழமை காலை கிளம்ப வேண்டும். வியாழன், வெள்ளி காலண்டரில் பச்சை வட்டத்துக்குள் இருந்தன.

மார்லீஸ் உத்தரவை இரண்டு தரம் படித்தாள்.

"அப்போ ராக் பிளஃப்காரங்களும் அங்க வராங்களா?"

"ஆமா."

"அவங்களும் இங்கருந்துதானே கிளம்பணும்?"

"ஆமா."

"ரெண்டு லாரியும் ஒரே ரோட்டுல, முன்னாடியும் பின்னாடியுமா?"

"அதான் நியாயமாம்."

"எனக்குக் கிட்னி ஓடலைன்னாலும் மூளை ஓடுது லோவல். இந்த ஆளுங்களுக்கு எது ஓடுது?" என்றாள் அவள். பிறகு உத்தரவை மடித்து வைத்தாள். "ஜூன்னா ஜூன். போகட்டும், விடு" என்று அவள் சொன்னபோதுதான் லோவல் பேனாவும் காகிதமும் தேடி எடுத்தார். மார்லீஸ் எதையும் போகட்டும் என்று விடுகிறவள் இல்லை.

மேல்முறையீடு செய்தார். சிகாகோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் விசாரணை. நூற்றி எழுபது மைல் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். நீள மேசையில் நாலு பேர், நடுவில் ஒரு பெரிய திரை. திரையில் விட்டிங்டன், பின்னால் கடலும் ஒரு தென்னை மரமும். அவர் ஃப்ளோரிடாவில் தன் வீட்டில் இருந்தார்.

"நேர்ல வர முடியல, மன்னிக்கணும். பயணம் என் முதுகுக்கு ஆகாது. மிஸ்டர் ஸ்வெண்ட்சன், உங்க கடிதத்தைப் படிச்சேன். மனசு உருகிப் போச்சு. என் மனைவியைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினேன். அவளும் உருகினா."

"ரொம்ப நன்றிங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அந்த ரெண்டு நாள் மட்டும் போதும்."

"ரெண்டு நாள் குடுக்கறது எனக்குப் பெரிய விஷயமில்ல. ஆனா உங்களுக்குக் குடுத்துட்டு, மத்த பதினெட்டு டிரைவருங்களுக்கு என்ன பதில் சொல்றது? அவங்களுக்கும் கஷ்டம் இருக்குமே? அதனாலதான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம்."

படிவம் கொடுத்தார்கள். பதினொரு பக்கம். துன்ப அளவீடு என்று பெயர். குடும்பத்தில் நோய் உண்டா, பாதித்த உறுப்புகள் எத்தனை என்று ஒரு கேள்வி. லோவல் 'இரண்டு' என்று எழுதியதை ஓர் அம்மாள் அடித்துவிட்டு 'ஒன்று' என்று போட்டாள். இரண்டும் ஒரே வகை உறுப்பு என்றால் ஒன்றுதானாம். வாரத்துக்கு எத்தனை முறை அழுகிறீர்கள் என்று ஒரு கேள்வி. லோவல் யோசித்து, லாரியில் அழுததையும் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். மைல் பெட்டி பச்சையாக இருக்கும்போது அழுதால் அது பயணக் கணக்கில் வரும், இதில் வராது என்றாள்.

அரை மணி நேரத்தில் முடிவு வந்தது. விட்டிங்டன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"உங்க மதிப்பெண் பத்துக்கு ஆறு புள்ளி ரெண்டு. வாழ்த்துகள், நல்ல மார்க்குதான். ஆனா டிரைவர்களோட சராசரி ஆறு புள்ளி நாலு."

"அப்படின்னா?"

"சொல்லக் கஷ்டமா இருக்கு. நீங்க சராசரிக்குக் கீழ கஷ்டப்படுறீங்க மிஸ்டர் ஸ்வெண்ட்சன். ஃப்ளோரிடாவுல டாம்பா டிரைவரை எடுத்துக்குங்க. விவாகரத்து ஆச்சு, புயல்ல கூரை போச்சு, இப்ப முட்டியும் போச்சு. ஏழு புள்ளி ஒன்பது. அவர் ஒரு நாள்கூட லீவு கேக்கல. உங்களுக்குச் சலுகை குடுத்தா அவர் முகத்துல நாங்க எப்படி முழிக்கறது?"

"அவருக்கும் குடுத்துடுங்களேன்."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"துன்பத்தைக் குறைக்கறது எங்க அதிகாரத்துல இல்ல. பங்கு போட மட்டும்தான் எங்களுக்கு உத்தரவு," என்றார் விட்டிங்டன் மென்மையாக.

திரும்பி வருகிற வழியில் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் லோவல் நிறுத்தினார். உள்ளே வெர்னா ஒகோன்ஸ்கி உட்கார்ந்திருந்தாள். ராக் பிளஃப் லாரியை ஓட்டுகிறவள். இருபது வருஷமாக லோவலும் அவளும் ஒருவர் அணியை ஒருவர் திட்டிக்கொண்டு சேர்ந்து சாப்பிடுகிறவர்கள்.

"என்னய்யா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? உங்க பசங்க பந்தைப் பிடிக்கறதை நினைச்சியா?"

லோவல் எல்லாவற்றையும் சொன்னார். வெர்னா ஆப்பிள் பை துண்டைத் தின்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஆறு புள்ளி ரெண்டா? எனக்கு ஏழு குடுத்திருக்கானுங்க. எனக்கு என்னய்யா கஷ்டம்? உங்கூடச் சாப்பிடறதைத் தவிர?"

"விளையாடாத வெர்னா."

"சரி, கேளு. என் லாரி ஐம்பத்து மூணு அடி. பாதி காலி. உன் சாமானையும் நான் ஏத்திக்கறேன். நீ உன் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ."

"மைல் பெட்டி?"

"அது எத்தனை ஸ்க்ரூ?"

"நாலு."

"நாலு ஸ்க்ரூவைக் கழட்டத் தெரியாமதான் இத்தனை வருஷம் வாப்சில வேலை பார்த்தியா? என் பெட்டி பக்கத்துல உன் பெட்டியையும் மாட்டு. பேசிக்கிட்டு வரட்டும் ரெண்டும்."

"உன் வேலைக்கு ஏதாவது வந்துடும்மா."

"வரட்டும். உங்க ஹெல்மெட்டைத் தொட்டுட்டு எப்படியும் நான் கையைக் கழுவணும். என் கவலை அதுதான்."

லோவல் அவள் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தார். 

புதன் காலை வாப்சி ஸ்டேடியத்தில் வழக்கம்போல் பேண்டு வாசித்து லாரியை வழியனுப்பினார்கள். ஹெல்மன் கொடியசைத்தார். லோவல் கம்பீரமாக ஓட்டிக்கொண்டு போய், பாலத்தைத் தாண்டி, ராக் பிளஃப் பின்வாசலில் நிறுத்தினார். ஒன்றரை மணி நேரத்தில் சாமான் மாறியது. நாலு ஸ்க்ரூவும் முந்தின ராத்திரியே மாறியிருந்தன. மத்தியானம் அவர் வீட்டில் இருந்தார். அடுத்த இரண்டு நாளும் அயோவா சிட்டியில் மார்லீஸ் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ரத்தம், இதயம், எலும்பு, மனசு என்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். லோவலையும் பார்த்தார்கள்.

"சிறுநீரகம் கிடைச்சா எப்ப வேணா கூப்பிடுவோம். நாலு மணி நேரத்துல ரெண்டு பேரும் இங்க இருக்கணும். போன் எப்பவும் ஆன்ல இருக்கணும், எந்த அழைப்பையும் விடக்கூடாது. வெவ்வேற நம்பர்லருந்து வரும்," என்றாள் நர்ஸ். "நீங்க தூரமா வேலை பார்க்கறீங்களா சார்?"

லோவல் வாயைத் திறப்பதற்குள் மார்லீஸ் அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"பக்கத்துலதான்," என்றார் லோவல். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. காது சிவந்துவிட்டது. நர்ஸ் அதைப் பார்த்தாளா தெரியாது, எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆல்புகர்க்கியில் ஆட்டம் நடந்தது. ஸ்டேடியத்தில் அறுநூறு பேர், அதில் பாதி பேர் வேறு ஏதோ ஆட்டம் என்று வந்தவர்கள். யார் ஜெயித்தார்கள் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். வேண்டியது ஆணையத்தின் கம்ப்யூட்டரில் நடந்தது. வாப்சியும் ராக் பிளஃபும் ஒரே நொடியில் கிளம்பி, ஒரே வேகத்தில் போய், ஒரே பெட்ரோல் பங்கில் ஒரே பதினாலு நிமிஷம் நின்று, ஒரே நொடியில் சேர்ந்திருந்தன. வித்தியாசம் பூஜ்யம். இப்படி ஒரு சமத்துவத்தை ஆணையம் கனவில்கூடக் கண்டதில்லை. திரையில் தோன்றிய விட்டிங்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பதினாலு நிமிஷம்! ரெண்டு பேரும்! இதுக்காகத்தானே நாம பாடுபட்டோம்!"

இரண்டு ஓட்டுநர்களுக்கும் மைதான நடுவில் கேடயம் என்று அறிவித்தார்கள். வெர்னா மட்டும் போய் இரண்டையும் வாங்கிக்கொண்டாள். இன்னொருவர் எங்கே, இந்தச் சமத்துவத்தின் ரகசியம் என்ன என்று ஆணையத்து ஆள் மைக்கை நீட்டினான். வெர்னாவுக்கு வாயைக் கட்டத் தெரியாது.

"ரகசியம் என்னய்யா ரகசியம்? ஒரே லாரிதான். அவன் பொண்டாட்டியோட ஆஸ்பத்திரில இருக்கான். இதுக்கு எதுக்குய்யா கேடயம்?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க லோவல் வேலை போகும் என்று காத்திருந்தார். போகவில்லை. திங்களன்று ஹெல்மன் தோளில் தட்டினார். "தப்பு தப்புதான் லோவல். ஆனா கேடயத்தைத் திருப்பிக் கேக்கல, அதைக் கவனிச்சீங்களா?" என்றார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. மார்லீஸ் பட்டியலில் சேர்ந்துவிட்டாள். அவள் அதை வாசித்துவிட்டு, கடிதத்தை மேசையில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லோவல் மூக்கைச் சிந்தினார். சந்தோஷம் தாங்காமல் ஆபீசிலும் சொல்லிவிட்டார். ஹெல்மன் அதைப் பல்கலைக்கழகச் செய்திமடலில் 'நம்பிக்கை ஒளி' என்று தலைப்புக் கொடுத்துப் போட்டார். செய்திமடல் ஆணையத்துக்கும் போகும்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் விட்டிங்டனே போன் செய்தார். லோவல் சூப் கிண்ணத்தை வைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"மிஸ்டர் ஸ்வெண்ட்சன், நீங்க ஒரு மேதை! ஒரே லாரி! எங்க பன்னெண்டு நிபுணர்களுக்குத் தோணல. ரெண்டு கல்லூரிக்கு ஒரு லாரின்னா வித்தியாசம் பூஜ்யம். பத்தொன்பது கல்லூரிக்கும் ஒரே லாரின்னா? முழு நியாயம்! அடுத்த பருவத்துலருந்து எல்லாரோட சாமானும் ஒரே லாரில போகும். எல்லாரும் சமமாக் காத்திருப்பாங்க."

"ஒரே நாள்ல ஒன்பது ஊர்ல ஆட்டம் நடக்குமேங்க?"

"அதை உபகமிட்டி பார்க்குது. நான் கூப்பிட்டது டிரைவர் விஷயமா. வருஷத்துக்கு அறுபதாயிரம் மைல். இதை யார் தலையில போடறது நியாயம்? யாருக்குக் கஷ்டம் கம்மியோ அவருக்குத்தான். உங்க மதிப்பெண்ணைத் திரும்பப் பார்த்தோம். உங்க மனைவி பட்டியல்ல சேர்ந்துட்டாங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா நம்பிக்கை வந்தா ரெண்டு புள்ளி கழிக்கணும்ங்கறது விதி. நீங்க இப்ப நாலு புள்ளி ரெண்டு. கூட்டமைப்புலயே உங்களை மாதிரி கொடுத்து வெச்சவர் யாரும் இல்ல."

மார்லீஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். லோவல் அவளைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் யார் எந்த ஊர் சொன்னாலும் சரிங்க என்று வண்டியை எடுத்த மனுஷன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அலுத்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

"நீங்க எங்கருந்து பேசறீங்க சார்?"

"வீட்டுலருந்துதான். ஏன்?"

"நீங்க வீட்டுலருந்தே நியாயம் பண்றீங்க. நானும் வீட்டுலருந்தே லாரி ஓட்டறேன்."

 விட்டிங்டன் மிகவும் அக்கறையாகச் சொன்னார்: "சுவாரசியமான கோரிக்கை. எழுத்துல குடுங்க. கமிட்டில வைக்கறேன்."

லோவல் எழுத்தில் கொடுத்தது ராஜினாமா மட்டும்தான். ஹெல்மன் சாவியை வாங்கிக்கொண்டு, இவ்வளவு பெரிய கௌரவத்தை உதறுவார்களா என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். லோவல் மாவட்டத்தில் சாலைப் பனி தள்ளுகிற வண்டிக்கு ஓட்டுநராகச் சேர்ந்தார். சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. முதுகு குளிரில் விறைத்துப்போகும். ஆனால் மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டாம். எந்த மூலையில் இருந்தாலும் இருபத்தைந்து நிமிஷத்தில் மார்லீஸிடம் வந்துவிடலாம். வாசல் கதவருகே ஒரு பெட்டி தயாராக இருக்கிறது. போன் சட்டைப் பையில் இருக்கிறது, ஒருபோதும் அணைப்பதில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தபோது அது அடித்தது. தெரியாத எண். மார்லீஸ் எழுந்து அடுப்பை அணைத்தாள். கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தாள். லோவலுக்குப் பச்சைப் பொத்தான் இரண்டு தரம் தப்பிப் போய், மூன்றாம் தரம் அகப்பட்டது.

"மிஸ்டர் லோவல் ஸ்வெண்ட்சனா? வணக்கம் சார். நாங்க மேல் மிசிசிப்பி கூட்டமைப்பு, சமபயண நீதி ஆணையத்துலருந்து பேசறோம். முன்னாள் ஓட்டுநர்ங்கற முறையில உங்க திருப்தியை ஒண்ணுலருந்து பத்துக்குள்ள சொல்ல முடியுமா?"

லோவல் மனைவியின் பக்கம் திரும்பி, இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் கோட்டில் பாதி கையோடு அப்படியே நின்றாள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா? ஒண்ணுன்னா மிகக் குறைவு..."

"மத்தவங்க எவ்வளவு சொன்னாங்களோ அதையே போட்டுக்கம்மா," என்றார் லோவல். "போனை வெச்சிடு. எனக்கு லைன் வேணும்."

"ஒரே ஒரு கேள்விதான் சார், நாலு நிமிஷத்துக்கு மேல ஆகாது."

லோவல் துண்டித்தார். மார்லீஸ் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்பைத் திரும்பவும் பற்றவைத்தாள். அவள் திரும்பி உட்காருவதற்குள் போன் மறுபடியும் அடித்தது. அதே எண்ணா வேறு எண்ணா என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் எழுந்து மறுபடியும் அடுப்பை அணைத்தாள்.